ஓதம் வற்றிய வேளை: கழிமுகத்தில் துடுப்புப் பலகை அனுபவங்கள்

கரைநாரை:
இங்கிலாந்தின் டெவனில் ஓடும் டார்ட் ஆற்றைப் பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே செய்திக்கு வருகிறேன். டிட்டிஷம் என்ற ஊரிலிருந்து, ஓதத்தால் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தால்) ஆற்றுக்குள் ஏறும் நீரோடு, நின்றோ மண்டியிட்டோ துடுப்புப் போடும் மிதவைப் பலகைகளில் புறப்பட்ட நானும் என் தங்கையும், மேலே உள்ள டாட்னஸ் ஊர் வரை போகாமல், இடப்புறம் பிரியும் பௌ ஓடைக்குள் திரும்பி, நீர் நிறைந்து நின்ற நேரத்தில் டக்கன்ஹே என்ற சிற்றூரை அடைந்தோம். இரு கரையிலும் ஓக் மரங்கள் நீரின்மேல் சாய்ந்திருந்தன. உப்புநீர் எட்டும் மட்டத்துக்குக் கீழே இலை தழைக்காததால், அவற்றின் அடிவிளிம்பு யாரோ நூல் பிடித்து நறுக்கியதுபோல் நேராக இருந்தது. மண்டியிட்டுத் துடுப்புப் போட்டபோதும் இலைகள் தலையில் உரசின.

கரையேறிச் சாப்பிட்டு, படம் எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்தே கிளம்பினோம். துறையில் நின்றிருந்த முதியவர் ஒருவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே தாழ்த்திக் காட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று எண்ணி நானும் சிரித்தபடி கையசைத்தேன். அடுத்த வளைவிலேயே பலகையின் அடியில் மீன்செதிள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் சேற்றில் ஊன்றிக்கொண்டது. வரும்போது தலையில் உரசிய கிளைகள் இப்போது கைக்கு எட்டாத உயரத்தில் நின்றன. அவற்றிலிருந்து கடற்பாசி சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கிய தங்கையின் கால் முழங்கால் வரை புதைந்தது. பலகையோடு இணைத்து என் கணுக்காலில் கட்டியிருந்த கயிறு, சேற்றில் கிடந்த முறிந்த கிளையில் சுற்றிக்கொண்டது. குப்புறப் படுத்துக் கையால் சேற்றைத் தள்ளியே நடுவாய்க்காலை அடைந்தோம். அந்த உள்ளங்கை இன்றும் கண்ணைவிட்டு அகலவில்லை.

நீர்க்காகம்:
கரைநாரை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியவர் வெறுமனே கையசைத்திருக்கலாம். நீர் எவ்வளவு ஏறி இறங்கும் என்ற எச்சரிக்கை கண்ணெதிரே அந்த ஓக் மரங்களின் அடிவிளிம்பிலேயே இருந்ததே! நீர் இறங்கும் ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கும், அடுத்ததில் இரண்டு பங்கும், மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கும் வடியும் என்பது படகோட்டிகளின் பழைய கணக்கு. டார்ட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள டார்ட்மத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓதம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். முதல் மணியின் சோம்பலைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். அட்டமியை ஒட்டிய நாள்களில் ஓதம் சிறியது. அத்தகைய நாளில் போயிருக்கலாம்.

என் அனுபவம் கார்ன்வாலின் ஃபால் ஆற்றில் நேர்ந்தது. இருபுறமும் காடு, மூடுபனி, என் துடுப்பிலிருந்து சொட்டும் நீரைத் தவிர ஓசையில்லை. கிங் ஹாரி துறைக்கு அருகே ஒரு வளைவைத் திரும்பினால், மரங்களைவிட உயரமாகத் துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்று எதிரே நின்றது. வேலையில்லாத கடற்கப்பல்களை அந்த ஆழமான நீரில் கட்டிவைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கப்பலின் உள்ளிருந்து ஏதோ ஒருமுறை ‘டங்’ என்று ஒலித்தது. அவ்வளவுதான், ஆனால் அந்த ஒலி இன்னும் காதில் இருக்கிறது.

உப்பங்கழி:
நானும் டார்ட்டில் ஷார்ப்பம் காட்டுக்குக் கீழே, பலகையின் அருகே தலை தூக்கிய கடல்நாய் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது அந்தக் கணுக்கால் கயிற்றைப் பற்றி. அலையில் விளையாடுபவருக்கு அது சரி. ஓடும் நீரில் கிளையிலோ நங்கூரக் கயிற்றிலோ சிக்கினால், நீரின் இழுப்பை எதிர்த்துக் குனிந்து கணுக்காலை எட்டவே முடியாது. இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய கயிற்றை வாங்குங்கள். கழற்றுவதைக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். டாட்னஸ் வரை போகிறவர்கள் அங்குள்ள தடுப்பணையை நெருங்காதீர்கள். ஓதத்தின் எல்லை அதுதான். வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் 2021 அக்டோபர் 30 அன்று, மழையால் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் நேர்ந்த விபத்தால் பலகைப் பயணிகள் 4 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. அறிவுரை கேட்டவர் யாருமில்லை என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

கரைநாரை:
கயிற்றை மாற்றிவிட்டேன், நன்றி. நீர்க்காகம் அவர்களுக்கு ஒன்று: அவர் கையை ஆட்டவில்லை, தாழ்த்தினார். நான் கையசைத்த பிறகு, மறுபடியும் ஒருமுறை, முன்னைவிட மெதுவாகத் தாழ்த்தினார்.