பழைய மாஸி 135: டீசல் எங்கிருந்து கசிகிறது என்றே பிடிபடவில்லை, உதவுங்கள்

லிம் சூ காங் தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டர் ஒன்று நிற்கிறது, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது சிஏவி பம்ப். டிரெய்லர் இழுக்க, புல் வெட்ட எல்லாம் இன்னும் அதுதான். டீசல் பில்டர் அடியில் சொட்டுகிறது. பில்டரை மாற்றியாயிற்று, ரப்பர் ரிங்கும் புதுசு, போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியும் பார்த்தேன், காலையில் வந்தால் அடியில் வைத்த டப்பாவில் பழையபடி டீசல். மழை பெய்தால் லோங்காங்குக்குள் (வடிகாலுக்குள்) ஓடிவிடுமே என்று முதலாளி தினமும் கேட்கிறார், அவர் பயமும் நியாயம்தான். பம்பைக் கழற்ற வேண்டியிருக்குமா?

பழைய பிட்டர்:
பம்பில் கை வைக்காதே தம்பி. முதலில் இரண்டு விஷயம் சொல். எஞ்சின் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, டிப் ஸ்டிக்கை மோந்தால் டீசல் வாடை வருகிறதா? டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்பின் டயாபிராம் கிழிந்தால் டீசல் வெளியே வராமல் உள்ளே சம்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்) இறங்கும், ஆயில் தண்ணீர் மாதிரி ஆகி பேரிங்கைத் தின்றுவிடும், அப்படியிருந்தால் ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. அப்புறம், டேங்க் அடியில் டீசலை நிறுத்தும் டேப்பை (திருகு குழாயை) மூடினால் சொட்டு நிற்கிறதா?

லிம் சூ காங் தம்பி:
ஆயில் அளவு சரியாக இருக்கிறது, வாடையும் இல்லை. டேப்பை மூடினால் நின்றுவிடுகிறது. திறந்து வைத்தால் எஞ்சின் ஓடாவிட்டாலும் சொட்டுகிறது.

சுங்கை காடுட் வாசி:
டெப்லான் டேப் நாலு சுற்று சுற்றுங்க, அதற்கு மேல எம்-சீல் அப்புங்க, வேலை முடிஞ்சது.

தஞ்சாவூர் டிராக்டர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெப்லான் நூல் ஒன்று பிய்ந்து பம்புக்குள் போனால் வாஷர் செலவு பம்ப் செலவாகிவிடும். பில்டரில் பைப் முனையைப் பிடித்திருக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டில் மரை சீல் பண்ணுவதில்லை, இரண்டு பக்கமும் இருக்கிற செம்பு வாஷர்தான் சீல் பண்ணுகிறது. பில்டர் மாற்றும்போது இன்னொன்றும் நடக்கும்: பழைய ரிங் பில்டரின் மேல் தலையின் பள்ளத்திலேயே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், தெரியாமல் புதுசை அதன் மேலேயே வைத்துவிடுவார்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெருடிப் பாருங்கள்.

பழைய பிட்டர்:
சரியாகச் சொன்னார். போல்ட்டை மேலும் இறுக்காதே தம்பி, தலை அலுமினியம், மரை போய்விடும். எஞ்சின் நிற்கும்போதே கசிகிறது என்றால் இன்ஜெக்டருக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பை விட்டுவிடலாம். இந்த வண்டியில் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் டீசல் தன் பாரத்திலேயே இறங்கும், டேப்பிலிருந்து பம்ப் வரைக்கும் எங்கே இடுக்கு கிடைத்தாலும் வந்துவிடும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பயனில்லை, ஈரம் தொடங்குகிற இடத்தைப் பார். டிகிரீசர் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, குட்டிகுரா பவுடரோ சாக்குப்பொடியோ தூவு. டேப்பைத் திற. டார்ச்சோடு பக்கத்திலேயே உட்கார். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுதான் இடம்.
எஞ்சின் ஓடும்போது பார்ப்பதாக இருந்தால் இன்ஜெக்டர் பைப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதே. அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் ஆபரேஷன் வரைக்கும் இழுத்துவிடும். அட்டையைக் காட்டிப் பார்.

லிம் சூ காங் தம்பி:
அண்ணே, பிடித்துவிட்டேன்! பில்டருக்கு மேலே ரிட்டர்ன் பைப் வந்து சேரும் பேஞ்சோவில்தான் முதலில் கறுத்தது, பிறகு பில்டரின் பின்பக்கமாக ஒரு மெல்லிய கோடு, அடிக்கிண்ணத்தின் நுனிக்கு வந்து சொட்டு. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்துதான் தெரிகிறது. வாஷர் தகடு மாதிரி நசுங்கியிருக்கிறது. பம்பில் திராட்டில் லீவர் அடியிலும் லேசான ஈரம், சொட்டவில்லை.

தஞ்சாவூர் டிராக்டர்:
புது வாஷர் ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேளுங்கள், பழசை அளவுக்குக் கையில் கொண்டுபோங்கள். அவசரமென்றால் பழசையே கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும், மேலே படிந்த கருப்பைத் தேய்த்துவிட்டுப் போடலாம். ஆனால் இவ்வளவு நசுங்கியதற்குப் புதுசுதான் சரி. சென்னையில் 1960ல் தொடங்கிய டாஃபே கம்பெனி இந்த மாஸி குடும்பத்து வண்டிகளைச் செய்கிறது, ஊரில் இருந்து யாராவது வந்தால் சீல் கிட் வாங்கி வரச் சொல்லுங்கள்.

பழைய பிட்டர்:
லீவர் அடி ஈரத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). இங்கே 2013லிருந்து கந்தகம் 10 பிபிஎம்முக்கும் குறைவான டீசல்தான் வருகிறது, பழைய நைட்ரைல் ரப்பர் அதில் சுருங்கிப்போகும், பழைய டீசலில் ஊறி உப்பின ரிங்குகள்தான் முதலில் கசியும். சொட்டாதவரை விடு. சொட்ட ஆரம்பித்தால் இந்த டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ரிங்கோடு பம்ப் கடையில் கொடு. அந்த மூடியைத் திறந்தால் உள்ளே எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கொக்கி கழன்று விழும், தப்பாக மாட்டினால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஏறிவிடும்.
வாஷர் போட்டதும் லிப்ட் பம்ப் கைப்பிடியை அடித்து முதலில் பில்டர் தலை, அடுத்து பம்ப், அந்த வரிசையில் காற்றை எடு. கைப்பிடி பிடிப்பில்லாமல் லொடலொடவென்று இருந்தால் உடைந்துவிட்டது என்று நினைக்காதே, லிப்ட் பம்பை அசைக்கும் கேம் மேலே நிற்கிறது, எஞ்சினை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு அடி.

லிம் சூ காங் தம்பி:
கைப்பிடி அப்படித்தான் இருக்கிறது அண்ணே, இப்போதுதான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். திருப்பிப் பார்க்கிறேன்.