நேரோபோட் அனுபவப் பகிர்வு: தரைப்பலகைக்கு அடியில் முதலில் பாருங்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களுக்கு நேரோபோட், அதாவது ஒடுங்கிய நீண்ட எஃகுப் படகு, வாங்க வருகிறவர்கள் சமையலறையையும் படுக்கையையும் பார்த்துவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். மரவேலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எஃகு தேய்ந்திருந்தால் பணத்தைக் கொட்டி மாளாது. ஆகவே எஃகிலிருந்து தொடங்குவோம். உங்கள் கண்ணில் பட்டவற்றையும் கீழே சேருங்கள்.

அகலத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. குறுகிய கால்வாய்களின் லாக்குகள் (படகை மேலும் கீழும் மாற்றும், இருமுனையிலும் கதவுள்ள நீர்த்தொட்டிகள்) சுமார் 7 அடி அகலம், படகு 6 அடி 10 அங்குலம். நீளம் 57 அடிக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் கால்வாயிலும் போகலாம். 70 அடிப் படகில் இடம் தாராளம். ஆனால் வடக்கே கால்டர் அண்ட் ஹெப்பிள் போன்ற கால்வாய்களில் லாக் குட்டை, அங்கே நுழைய முடியாது.

விளம்பரத்தில் 10/6/5/4 என்று போட்டிருந்தால் அடித்தட்டு 10 மி.மீ., பக்கத்தட்டு 6, அறைச் சுவர் 5, கூரை 4 என்று பொருள். 1980-களின் பல படகுகளில் அடித்தட்டே 6 மி.மீ.தான். அது கட்டியபோது இருந்த தடிமன். இன்றைக்கு மிச்சம் எவ்வளவு என்பதைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது. விலை பேசும்போதே 'சர்வே முடிவுக்கு உட்பட்டு' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிரை டாக்கில் (தண்ணீரை வடித்துவிடும் படகுத் தொட்டியில்) ஏற்றவோ கிரேனில் தூக்கவோ ஆகும் செலவு வழக்கமாக வாங்குபவருடையது. சர்வேயர் அங்கங்கே வெளிப்புறத் தார்ப்பூச்சைச் சுரண்டி, அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துத் தடிமன் எடுப்பார். 4 மி.மீ.க்குக் கீழே போனால் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் முழுக் காப்பீடு தரத் தயங்கும். பழைய சர்வே அறிக்கை இருந்தால் விற்பவரிடம் கேட்டு வாங்கி, அதே இடங்களின் அளவை ஒப்பிடுங்கள். எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்பது அதில்தான் தெரியும்.

'ஓவர்பிளேட்டிங் செய்தது' என்றால் பழைய தட்டின் மேல் புதுத் தட்டு பற்றவைத்திருக்கிறார்கள். நன்றாகச் செய்திருந்தால் பயமில்லை. எடையைக் கணக்கில் வையுங்கள். 6 மி.மீ. எஃகு சதுர மீட்டருக்கு 47 கிலோ. அடிப்பக்கம் 30 சதுர மீட்டர் என்றால் 1.4 டன் கூடும், படகு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே இறங்கி உட்காரும். உள்ளே வைத்திருக்கும் பாரத்தைக் குறைக்காவிட்டால் வடிகால் துளைகளும் காற்றுத் துளைகளும் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். அதை அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* * *

மேலே எழுதிய நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். படகின் பாதுகாப்புச் சான்றிதழை, அதாவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழைக் காட்டி, 'எல்லாம் சரி பார்த்தாயிற்று' என்பார்கள். அது எரிவாயு, எரிபொருள், மின் இணைப்பு, தீ ஆபத்து ஆகியவற்றைப் பார்க்கும். எஃகின் தடிமனை அது பார்ப்பதே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

காருக்கு இருப்பதுபோல் உரிமைப் புத்தகம் இங்கே கிடையாது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிய விற்பனைச் சீட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். படகின் மேல் கடன் நிற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 1998 ஜூனுக்குப் பிறகு கட்டிய படகென்றால் ஐரோப்பிய விதிப்படியான இணக்கச் சான்று இருக்க வேண்டும். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் தரும் உரிமம் படகோடு கைமாறாது, புதிதாக எடுக்க வேண்டும். கட்டி நிறுத்தும் துறையும் பெரும்பாலும் கூடவே வராது.

* * *

துரு உள்ளேயிருந்தும் வரும். எத்தனை பேர் இதைக் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அறையின் பின்கோடியில், படிக்கு அருகில், தரைப்பலகையில் ஒரு சின்ன மூடி இருக்கும். படகு பின்பக்கம் சற்றே தாழ்ந்து மிதப்பதால் உள்ளே சிந்தும் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூடியைத் தூக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பழந்துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த சமையலறைத் தாளை விரித்து, ஒரு நாள் கழித்துத் திரும்ப வாருங்கள். தாள் நனைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஷவர் தட்டின் ஓரம், தண்ணீர் பம்ப்பின் இணைப்பு, கலோரிஃபயரின் (வெந்நீர்த் தொட்டியின்) அழுத்த வால்வு, ஜன்னல் சட்டத்தின் வடிகால் துளை என்ற வரிசையில் தேடுங்கள். மூடியே இல்லாமல் பலகையை முழுக்க ஆணி அடித்து மூடிய படகென்றால், ஒரு துண்டு வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

பாரத்துக்காக அடியில் செங்கல்லோ நடைபாதைக் கல்லோ அடுக்கியிருப்பார்கள். அது எஃகின் மேல் நேராக உட்காராமல் சற்று உயர்ந்து, காற்று போக இடம் விட்டு இருக்க வேண்டும். சுவரில் வெப்பக்காப்புக்குத் தெளித்த நுரை நல்லது. தெர்மோகோல் பலகை என்றால் மின்கம்பி அதைத் தொடுகிறதா பாருங்கள். பி.வி.சி. உறையிலிருந்து அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளைத் தெர்மோகோல் இழுத்துக்கொள்ளும், உறை விறைத்து வெடிக்கும்.

* * *

வெளிப்பக்கத்துக்கு: தார்ப்பூச்சு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை. உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, சுரண்டி, நன்றாகக் காயவிட்டு மூன்று கை பூசுங்கள். காற்றும் தண்ணீரும் சேரும் மட்டக்கோட்டில் அரிப்பு அதிகம், அங்கே ஒரு கை கூடுதல்.  தண்ணீரில் இறக்குமுன் சில நாள் காய விடுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் முதல் லாக்கிலேயே உரியும். எபாக்ஸி நீண்ட காலம் தாங்கும். ஆனால் தார் மேல் அது ஒட்டாது, மணல்வீச்சு போல கிரிட் அடித்து வெறும் எஃகு தெரியும்வரை சுத்தம் செய்த பிறகே பூச வேண்டும்.

கால்வாய் நன்னீர் என்பதால் அனோடு, அதாவது எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி, மக்னீசியமாக இருக்க வேண்டும். துத்தநாகம் கடலுக்கு. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று பற்றவைப்பார்கள். அவற்றின் மேல் தார் பட்டால் வேலை செய்யாது, பூசும்போது நாடா ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

துறையில் கரை மின்சாரம் எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. புவிக்கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளும் உங்கள் படகும் ஒரே மின்கலமாக இணைந்துவிடும். உங்கள் அனோடு பக்கத்துப் படகைக் காத்துக்கொண்டு வேகமாகக் கரையும், அடுத்தது உங்கள் எஃகு. புவிக்கம்பி வழியே கசியும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் குறைந்தபட்சம். முடிந்தால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், அது கரையின் புவிக்கம்பியை முழுக்கப் பிரித்துவிடும்.

* * *

ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் படகு எப்படி மூழ்குகிறது என்று பார்த்தால் பல நேரம் ஒரே சங்கிலிதான். ஸ்டெர்ன் கிளாண்ட் (புரொப்பெல்லர் தண்டைச் சுற்றியுள்ள நீரடைப்பு) சொட்டும். தானியங்கிப் பம்ப் அதை இறைத்துக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பேட்டரி தீரும். பின்பக்கம் தாழும். ஏதாவது ஒரு துளை தண்ணீர் மட்டத்தைத் தொடும். அதன் பிறகு நிறுத்த வழியில்லை. ஆகவே அந்தச் சொட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லர் தண்டு படகைவிட்டு வெளியே போகும் குழாயின் உள்முனைதான் கிளாண்ட். அதற்குள் கிரீஸ் ஊறிய சதுரக் கயிற்றை வளையங்களாக அடைத்து, ஒரு வளைமூடியால் இரண்டு நட்டுகளைக் கொண்டு இறுக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே பித்தளையில் ஒரு கிரீஸ் உருளை. நாள் முடிந்து எஞ்சினை நிறுத்தியதும் அதன் கைப்பிடியைத் திருக வேண்டும், எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஓடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு விழுவதில் குற்றமில்லை. நின்ற பிறகும் சொட்டினால் இரண்டு நட்டையும் ஒரே அளவில், ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு சுற்று, அதற்குமேல் வேண்டாம். ஒன்றை மட்டும் இறுக்கினால் மூடி சாய்ந்து தண்டை உரசும். பிறகு கால்மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கிளாண்டின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் மிஞ்சிவிட்டது, தண்டில் கோடு விழும். கோடு விழுந்த தண்டில் எந்தக் கயிறும் நிற்காது.

நட்டு கடைசிவரை வந்துவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். பழையதைக் கொக்கியால் ஒரு துணுக்கு விடாமல் எடுங்கள். புதுக் கயிற்றைத் தண்டின் பருமனுள்ள ஒரு குழாயில் சுற்றி 45 பாகையில் சாய்வாக வெட்டுங்கள். மூன்று வளையம் என்றால் மூட்டுகள் ஒரே கோட்டில் வராதபடி 120 பாகை தள்ளித் தள்ளி வையுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போதே செய்கிறவர்கள் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் தார் பூசத் தூக்கும்போது செய்வதே புத்திசாலித்தனம்.

கிளாண்ட் இருக்கும் அதே எஞ்சின் அறையில்தான் வீட் ஹாட்ச் என்ற மூடியுள்ள திறப்பு. புரொப்பெல்லரில் சேலைத்துணியோ பிளாஸ்டிக் பையோ முள்கம்பியோ சுற்றினால் அதன் வழியே கையை விட்டு வெட்டி எடுப்பது. சாவியைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகே கை உள்ளே போகலாம். மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா, திருகு இறுகியதா என்று பார்த்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி ஓரங்களைக் கவனியுங்கள். இறுகாத மூடியோடு வேகம் கூட்டினால் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே அள்ளிப் போடும்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக: பீட்டா மரீன் போன்ற எஞ்சின்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய், புது எஞ்சினுக்கு முதல் தடவை 50 மணியில். சூடு ஏறினால் முதலில் ஸ்கின் டாங்கின் (படகின் தட்டோடு ஒட்டி எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் தொட்டியின்) மேல் திருகைத் திறந்து காற்று நிற்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு.

* * *

லாக்கில் நடப்பதை யாரும் எழுதவில்லையே. மேல் கதவின் அடியில் கல்லிலோ கான்கிரீட்டிலோ ஒரு வாசற்படி உண்டு, அதைத்தான் சில் என்கிறார்கள். லாக் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். இறங்கும்போது படகின் பின்பகுதி, சுக்கான் உட்பட, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே தீர வேண்டும். சுக்கான் படியில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்க இறங்க முன்பக்கம் மட்டும் கீழே போகும். முன்வாசல் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டால் படகு நிமிடங்களில் மூழ்கும்.

சாய்வதைக் கண்டவுடன் கீழ்க்கதவின் பாடில்களை (தண்ணீர் வழியைத் திறந்து அடைக்கும் பலகைகளை) இறக்குங்கள். அது முடிந்த பிறகே மேல் பாடில்களை, அதுவும் மெதுவாக, திறந்து தண்ணீரை நிரப்புங்கள். மேலே ஏறும்போது ஆபத்து முன்பக்கம்: மூக்கிலுள்ள ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை) கதவின் குறுக்குக்கட்டைக்கு அடியில் சிக்கும். அப்போது மேல் பாடிலை முதலில் மூட வேண்டும். விண்ட்லஸ் (பாடிலைத் திருகும் கைப்பிடி) வைத்திருப்பவர் பாடில் அருகிலேயே நிற்க வேண்டும், படகோட்டியைப் பார்த்தபடி. கயிற்றை முளையில் ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடிக்கலாம், முடிச்சுப் போடக் கூடாது. குறுகிய லாக்கில் பக்க ஃபெண்டர்களை மேலே தூக்கிவிடுங்கள். இருபுறமும் மிஞ்சுவது ஓர் அங்குலம்தான், தொங்கவிட்டால் படகு இறுகி நின்றுவிடும்.

* * *

துறை இல்லாமல் உரிமம் எடுப்பவர்கள் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 1995. இரண்டு இடத்துக்கு நடுவே முன்னும் பின்னும் போய்வருவது பயணமாகக் கணக்காகாது. 2024 ஏப்ரல் முதல் இவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல்.

குளிர்காலத்துக்கு வருவோம். லாக் கதவு மாற்றுவது போன்ற பெரிய வேலைகள் நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும், அப்போது பல பாதைகள் மூடியிருக்கும். நிலக்கரி அடுப்பு எரிப்பவர்கள் கதவின் கயிற்று அடைப்பையும் புகைக்குழாய் கூரையைத் தொடும் இடத்தையும் பருவத்துக்கு முன்பே பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். காற்றுத் துளையைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைப்பதுதான் உயிரை எடுக்கும் தவறு. எரிவாயு புரொப்பேனாக இருக்கட்டும், பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரி அருகில் ஆவியாகாது.

ஈய அமில பேட்டரியை 12.2 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள், அது ஏறத்தாழ பாதி. கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டி அணைப்பவர்களின் பேட்டரி அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது. லித்தியத்துக்கு மாறுவோர் எஞ்சின் ஆல்டர்னேட்டரை நேராக இணைக்காதீர்கள். கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் லித்தியம் இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் கருகும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும்.

படகைக் குளிரில் விட்டுப் போவதானால் டீசல் தொட்டியை நிரப்புங்கள். காலி இடத்தில் ஈரம் படிந்து, அந்தத் தண்ணீரில்தான் டீசல் பூஞ்சை வளர்கிறது. கலோரிஃபயரையும் குழாய்களையும் வடித்து, எல்லாக் குழாய்த் தலையையும் திறந்தே விடுங்கள். ஷவர் குழாயைக் கீழே கிடத்துங்கள், அதில் நிற்கும் ஒரு கைத் தண்ணீர் போதும் கலப்பு வால்வைப் பிளக்க.