மூழ்கடிக்க மறுத்தவர்களின் கப்பல்

குழு: தூத்துக்குடி வீடு

கதிர்: (3 படங்கள்)
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கப்பல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் நிற்கிறது. கரைக்குப் போக அனுமதி கிடைத்ததும் நேராகப் பக்கத்திலுள்ள ஃபாலிரோவுக்குப் போய்விட்டேன். படத்தில் நீங்கள் பார்ப்பது 'ஜார்ஜியோஸ் அவெரோஃப்'. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே கவசக் குரூசர். அணியத்திலிருந்து அமரம் வரை 140 மீட்டர். முழுவதும் நடந்து பார்த்தேன்.

அம்மா: சாப்பிட்டாயா?

கதிர்: சாப்பிட்டேன் அம்மா.

நிலா: அண்ணா, கவசக் குரூசர் என்றால் என்ன?

கதிர்: பெரிய போர்க்கப்பல்களைவிட வேகமாக ஓட வேண்டும், சாதாரணக் குரூசரைவிடக் கனமான பீரங்கிகளும் பக்கவாட்டில் எஃகுக் கவசமும் இருக்க வேண்டும் என்று கட்டிய வகை, நிலா. 1908இல் பிரிட்டன் 'இன்வின்சிபிள்' வகைக் கப்பல்களைக் கடற்படையில் சேர்க்கத் தொடங்கியது. அவை கவசக் குரூசர்களைவிட வேகமானவை, பீரங்கிகளும் பெரியவை. அதோடு கவசக் குரூசர்களின் காலம் முடிந்தது. அவெரோஃப் தண்ணீரில் இறங்கியதே 1910 மார்ச்சில்தான்.

சித்தப்பா: அப்படியானால் பிறக்கும்போதே பழையதாகிவிட்ட கப்பல். முதல் உலகப் போரில் இந்த வகைக் கப்பல்கள் பட்ட பாடு தெரியுமா? 1914 செப்டம்பர் 22 அன்று ஒரே காலையில் பிரிட்டனின் மூன்று கவசக் குரூசர்களை ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் 'ஷார்ன்ஹார்ஸ்ட்', 'க்னைசனாவ்' என்ற கவசக் குரூசர்கள் இரண்டும் ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு அருகே மூழ்கின. மூழ்கடித்தது நீ சொன்ன இன்வின்சிபிளும் அதன் ஜோடிக் கப்பலும்தான்.

கதிர்: ஆமாம் சித்தப்பா. அவெரோஃபின் உடன்பிறப்புக்கூடத் தப்பவில்லை. இதே வரைபடத்தில் இத்தாலி தனக்காகக் கட்டிய 'அமால்ஃபி' 1915 ஜூலையில் அட்ரியாட்டிக் கடலில் டார்பிடோ பட்டு மூழ்கியது. இன்னொன்று, 'பீசா', பிற்பாடு உடைப்புக்குப் போனது. அந்த வரிசையில் மூன்றாவதாக லிவோர்னோ நகரத்துக் கப்பல் தளத்தில் கட்டியதைத்தான் கிரேக்கம் வாங்கியது.

பெரியப்பா: காசு எங்கிருந்து வந்தது? அப்போது கிரேக்கம் ஏழை நாடல்லவா?

கதிர்: விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே மனிதருடைய உயிலிலிருந்து வந்தது பெரியப்பா. ஜார்ஜியோஸ் அவெரோஃப். மெட்சோவோ என்ற மலை ஊரில் பிறந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய் வணிகம் செய்து செல்வரானவர். 1896 ஒலிம்பிக்குக்காக ஏதென்ஸில் பளிங்கு அரங்கத்தைப் புதுப்பிக்கப் பணம் தந்தவரும் அவரே. 1899இல் அலெக்சாந்திரியாவிலேயே இறந்தார். இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

அத்தை (மும்பை): பெயர் வைத்ததில் நியாயம் இருக்கிறது.

கதிர்: இத்தாலிய எஞ்சின், பிரெஞ்சு பாய்லர், பிரிட்டிஷ் பீரங்கி. 1911இல் முதல் பயணமே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாக் கப்பல் அணிவகுப்புக்கு, இங்கிலாந்துக்கு. அங்கே மாலுமிகள் கலகம் செய்தார்கள். நீலப் பூசணம் ஓடிய ஆங்கிலப் பாலாடைக்கட்டியைச் சாப்பாட்டில் கொடுத்தார்களாம். கெட்டுப்போனதைத் தருகிறார்கள் என்று கொதித்துவிட்டார்கள் என்று கதை.

அம்மா: தப்பே இல்லை. பூசணம் பிடித்ததை யார் சாப்பிடுவார்கள்?

கதிர்: அதற்குப் பிறகு பொறுப்பேற்றவர் பாவ்லோஸ் குண்டூரியோட்டிஸ். கப்பலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1912 அக்டோபரில் துருக்கிக்கு எதிரான பால்கன் போர் தொடங்கியபோது அட்மிரலாக இதே கப்பலில் நின்றார். லெம்னோஸ் தீவைப் பிடித்து, துருக்கிக் கப்பல்கள் உள்ளே நின்ற டார்டனெல்ஸ் நீரிணையின் வாசலில் காத்திருந்தார். டெனடோஸ் தீவையும் பிடித்த பிறகு துருக்கி அட்மிரலுக்குத் தந்தி அனுப்பியதாகச் சொல்கிறார்கள்: வெளியே வாருங்கள், நிலக்கரி இல்லையென்றால் நான் தருகிறேன் என்று.

பெரியப்பா: ஆள் பலே!

சித்தப்பா: சவால் விடுவது எளிது. துருக்கிக்காரர்கள் வந்தார்களா?

கதிர்: டிசம்பர் 16 காலையில் வந்தார்கள். கிரேக்கர்களின் பழைய நாட்காட்டியில் டிசம்பர் 3. எல்லி முனைக்கு எதிரே சண்டை. குண்டூரியோட்டிஸுடன் மூன்று பழைய கவசக் கப்பல்கள் இருந்தன: ஸ்பெட்சை, ஹைட்ரா, ப்சாரா. மூன்றும் மெதுவானவை. அவற்றோடு வரிசையில் போனால் எதிரி சௌகரியமாகச் சுட்டுக்கொண்டே இருப்பான். அவர் இசட் கொடியை ஏற்றினார். நான் தனியாகச் செயல்படப் போகிறேன் என்று அதற்குப் பொருள். வரிசையை விட்டு வெளியேறி 20 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) துருக்கிக் கப்பல்களின் முன்னால் குறுக்கே பாய்ந்தார். அவர்களுடைய தலைமைக் கப்பல் 'பார்பரோஸ் ஹைரெட்டின்'. அதைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்கும் நிலை. வரிசை குலைந்து, திரும்பி நீரிணைக்குள் போய்விட்டார்கள்.

நிலா: ஒரே கப்பலா அண்ணா?

கதிர்: அந்த நேரத்தில் ஒரே கப்பல்தான்.
ஆனால் எனக்கு அந்த 20 நாட்தான் மனதில் நிற்கிறது. அட்மிரல் மேலே கொடி ஏற்றிவிட்டார். வேகத்தைக் கொடுத்தவர்கள் கீழே பாய்லர் அறையில் இருந்தவர்கள். மொத்தம் 22 பாய்லர், எல்லாம் நிலக்கரி. கரி போடுகிறவன் உலைக்கதவைத் திறந்து, மண்வெட்டியால் கரியை மெல்லிய பரப்பாக, குவியாமல் வீச வேண்டும். உடனே கதவை மூட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் குளிர்காற்று உள்ளே போய் நீராவி அழுத்தம் இறங்கிவிடும். இதை வெளியே குண்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் அடிபடும் என்று தெரியாமல் செய்தார்கள். நான் இன்று எஞ்சின் அறையில் குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவன். அந்த இரும்புக் கதவுகளின் முன்னால் நின்றபோது அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

பெரியப்பா: என் அப்பா தோணியில் போனவர். கடலில் கீழே வேலை செய்கிறவனை யாரும் பாடுவதில்லை என்று அடிக்கடி சொல்வார்.

கதிர்: 1913 ஜனவரியில் துருக்கியின் 'ஹமிதியே' என்ற குரூசர் இருட்டில் நழுவி வெளியே போய் சீரோஸ் தீவைத் தாக்கியது. அவெரோஃபைத் துரத்த வைத்து, அதற்குள் மற்றக் கப்பல்கள் வெளியே வரலாம் என்பது திட்டம். குண்டூரியோட்டிஸ் அசையவில்லை. ஜனவரி 18 அன்று துருக்கிக் கப்பல்கள் வந்தபோது அவெரோஃப் அங்கேயே இருந்தது. லெம்னோஸ் சண்டையிலும் தோற்று உள்ளே போனவர்கள் அந்தப் போரில் ஏஜியன் கடல் பக்கம் பெரிய படையோடு மறுபடி வரவில்லை.

சித்தப்பா: இதன் பலன் கடலைவிடத் தரையில் பெரிது. துருக்கியால் ஆசியப் பக்கமிருந்த படைகளைக் கப்பலில் ஏற்றி பால்கன் போர்முனைக்கு அனுப்ப முடியவில்லை. லெஸ்போஸ், கியோஸ் தீவுகளெல்லாம் கிரேக்கத்தின் கைக்குப் போயின. குண்டூரியோட்டிஸ் பிற்பாடு நாட்டின் ஜனாதிபதியும் ஆனார்.

கதிர்: அதேதான் சித்தப்பா. முதல் உலகப் போரில் கிரேக்கம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது, 1916இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள், அதனால் சொல்ல ஒன்றுமில்லை. 1925 முதல் 1927 வரை பிரான்சில் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள்.
இனி 1941.

கதிர்: ஏப்ரல் மாதம். ஜெர்மானியப் படை கிரேக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரி கையில் சிக்காமலிருக்க அவெரோஃபை மூழ்கடித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். துறைமுக வாயிலின் தடுப்பை உடைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கப்பல் நகரும்போது கேப்டன் கயிற்றேணியைப் பிடித்து ஏறி வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஜெர்மன் விமானங்களின் ஆபத்து. கிரீட் தீவின் சூடா விரிகுடா போய், ஏப்ரல் 23 அன்று அலெக்சாந்திரியா சேர்ந்தார்கள்.

அத்தை (மும்பை): பணம் கொடுத்தவர் இறந்த ஊர்!

கதிர்: ஆமாம் அத்தை.

சித்தப்பா: நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உத்தரவை மாலுமிகளே மீறினால் அது கடற்படையா? கரியில் ஓடும் முப்பது வயதுக் கப்பல், வழியில் விமானக் குண்டு பட்டிருந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருப்பார்கள். உத்தரவு போட்டவன் அதையும் யோசித்திருப்பான்.

கதிர்: யோசித்திருப்பான், மறுக்கவில்லை. ஆனால் உயிருக்குப் பயந்து மீறியவர்கள் இல்லையே சித்தப்பா. உத்தரவுப்படி கப்பலைக் கவிழ்த்துவிட்டுக் கரையேறியிருந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு. சாகத் துணிந்து மீறினார்கள்.

பெரியப்பா: கதிர் சொல்வது சரி. ஓடுகிற நிலையில் இருக்கும் கப்பலை அதன் ஆட்களே மூழ்கடிப்பது எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சித்தப்பா: இந்த முறை நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொரு முறையும் முடியாது. என் கருத்து அதுதான்.

அத்தை (மும்பை): அதற்குப் பிறகு எங்கே போனது, மருமகனே?

கதிர்: உங்கள் ஊருக்கு! 1942 நவம்பர் வரை பம்பாயைத் தளமாக வைத்து இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போனது.

அத்தை (மும்பை): முப்பது ஆண்டுக்கு மேல் இங்கே இருக்கிறேன், ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. துறைமுகம் பக்கம் வேலை பார்த்த உன் மாமாவுக்கும் தெரியாது.

நிலா: திரும்ப எப்போது கிரேக்கத்துக்குப் போனார்கள்?

கதிர்: 1944 அக்டோபர். ஜெர்மானியர்கள் ஏதென்ஸை விட்டுப் போனதும், வெளிநாட்டில் இருந்த கிரேக்க அரசு இந்தக் கப்பலில்தான் நாடு திரும்பியது. அப்போது கேப்டன் யார் தெரியுமா? தியோடோரோஸ் குண்டூரியோட்டிஸ். அட்மிரலின் மகன்.

பெரியப்பா: ஆகா!

சித்தப்பா: இது எனக்குத் தெரியாத செய்தி. நன்றாக இருக்கிறது.

கதிர்: 1952இல் பணியிலிருந்து விலக்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் போரோஸ் தீவில் சும்மா நின்றது. 1984இல் அருங்காட்சியகமாக்க முடிவு செய்து இங்கே இழுத்து வந்தார்கள். உடைத்து விற்றிருந்தால் சில ஆயிரம் டன் இரும்பு கிடைத்திருக்கும். விற்காதது பெரிய காரியம்.

நிலா: பாய்லர் அறைப் படம் எடுத்தீர்களா அண்ணா? எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், வகுப்பில் காட்ட வேண்டும்.

கதிர்: பன்னிரண்டு படம் இருக்கின்றன, இப்போதே அனுப்புகிறேன். நாளை காலை நங்கூரம் எடுக்கிறோம், அடுத்த துறைமுகம் எகிப்தின் போர்ட் சைட். பம்பாயிலிருந்து திரும்பிய அவெரோஃப் அங்கேதான் நின்றது சித்தப்பா. அங்கே போனதும் பேசுகிறேன்.

அம்மா: குளிர் இருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.