சத்திரத்துச் சுவர்: மேலத்தெரு உறவுகள் குழு

மாமா: எல்லோருக்கும் வணக்கம். வடிகால் வேலைக்கு இன்று அளவெடுக்க வந்தார்கள். சத்திரத்தின் முன்சுவர் குறுக்கே வருகிறதாம். ஆமாம், ராமர் பட்டாபிஷேகம் வரைந்திருக்கும் அதே சுவர்தான். "படத்தை அப்படியே அறுத்தெடுத்துக் கொடுத்துவிடுகிறேன், பெருமாள் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் ஒப்பந்தக்காரர். நல்ல யோசனைதானே?

அத்தை: 🙏🙏 ராமர் கோயிலுக்குப் போவது நல்லதுதான்.

பெரியப்பா: எதை வைத்து அறுப்பாராம்?

மாமா: கட்டிங் மிஷின் இருக்கிறதாம் அத்தான்.

தங்கச்சி (கவின்கலை): ஐயோ மாமா, மிஷின் வேண்டவே வேண்டாம். அந்த அதிர்விலேயே சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்று கொட்டிவிடும். நிறம் என்பது காகிதக் கனம்தான். பூச்சு போனால் படமும் போயிற்று.

அண்ணன் (கலிபோர்னியா): எடுக்கவே முடியாது என்றில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியத்தை 2021-ல் ஒரு கல்லூரியிலிருந்து நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். 22 அடி உயரம், 74 அடி அகலம். நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம்.
[புகைப்படம்]

அத்தை: குழந்தை வளர்ந்துவிட்டாளே! 😍

தங்கச்சி (கவின்கலை): அண்ணா, அது இடம் மாற்றுவதற்கென்றே வரைந்த படம். 1940-ல் கண்காட்சியில் மக்கள் பார்க்கப் பார்க்க வரைந்தார். முடிந்ததும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று முன்பே தெரியும். அதனால்தான் எஃகுச் சட்டம் போட்ட 10 பலகைகள். அப்படியும் சுவரிலிருந்து கழற்ற மெக்சிகோ பல்கலைக்கழகப் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் திட்டம் போட்டார்கள். நமக்கு ஒரே ஒரு கட்டிங் மிஷின்!

பெரியப்பா: 😄😄

திருவாரூர் சித்தி: தஞ்சாவூர் பெரிய கோயிலில்கூட ஓவியத்தை உரித்தெடுத்து வைத்திருக்கிறார்களே?

தங்கச்சி (கவின்கலை): ஆமாம் சித்தி. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் மறுபடி பூசி வரைந்துவிட்டார்கள். 1931-ல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி பார்த்துச் சொன்ன பிறகுதான் அடியில் சோழர் படம் இருப்பதே வெளியே தெரிந்தது. பிற்பாடு தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு மேல்படத்தைப் பக்குவமாகப் பிரித்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றிக் காட்சிக்கு வைத்தது. அடியில் இன்னொரு படம் இருந்ததால் அங்கே பிரித்தார்கள். நம் சுவரில் அடியில் செங்கல்தான் இருக்கிறது.

பெரியப்பா: பிரிப்பது என்றால் எப்படி அம்மா?

தங்கச்சி (கவின்கலை): படத்தின் முகத்தில் மெல்லிய துணியைப் பசை போட்டு ஒட்டுவார்கள். காய்ந்ததும் பின்னாலிருந்து பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, துணியோடு இறக்கிக் கவிழ்த்து, முதுகைச் சுரண்டிச் சமன் செய்து புதுப் பலகையில் ஒட்டுவார்கள். கடைசியில்தான் முகத்துத் துணியை எடுப்பது. ஈரச் சுண்ணாம்பில் வரைந்திருந்தால் நிறம் பூச்சோடு இறுகியிருக்கும். காய்ந்த சுவரில் கோந்து கலந்து வரைந்திருந்தால், தண்ணீர்ப் பசை பட்டதுமே நிறம் துணியோடு வந்துவிடும். நம்முடையது இரண்டாவது வகை போலத்தான் தெரிகிறது. போன பொங்கலுக்கு யாரோ ஈரத்துணியால் துடைத்தார்களே, குகன் முகமே இல்லை இப்போது.

பெரியப்பா: யாரோ. 🤐 அதை விடு, கீழ் வரிசை வானரங்களைப் பார்த்தாயா? அங்கதன் தலையைச் சுற்றிப் பழுப்பு வட்டம். அடுத்தடுத்த குரங்குகளுக்கும் அதே வட்டம். எல்லாம் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலையெண்ணெய். அங்கே சீட்டாடியவர்களில் பாதிப்பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

மாமா: பழைய கதை எதற்கு அத்தான்.

அண்ணன் (கலிபோர்னியா): சரி, ஒப்புக்கொள்கிறேன். ரிவேராவின் இன்னொரு படம், 1947-ல் மெக்சிகோ நகரத்து ஓட்டல் ஒன்றில் வரைந்தது. 1985 பூகம்பத்தில் ஓட்டல் சேதமான பிறகுதான் படத்தை எடுத்து, அதற்கென்று தனி அருங்காட்சியகம் கட்டி வைத்தார்கள். அங்கே வேறு வழி இல்லை. நம் சத்திரம் நன்றாகத்தானே நிற்கிறது?

தம்பி (சிவில்): நிற்கிறது, ஆனால் நன்றாக இல்லை. சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுகிறது. நடுவில் யாரோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் படம் வரைக்கும் ஏறிவிட்டது. அப்புறம், ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது திண்ணையைவிடத் தெரு உயரம். மழை பெய்தால் தண்ணீர் மொத்தமும் சத்திரத்துக்குள்தான். அதனால் வடிகாலை எதிர்க்கக் கூடாது. வடிகால் வந்தால்தான் அந்தச் சுவர் பிழைக்கும். எதிர் வரிசையில் போடச் சொல்லுவோம்.

மாமா: எதிர் வரிசை என்றால் என் வீட்டுப் படி போகும்.

தம்பி (சிவில்): போகும் மாமா. நானே நின்று திருப்பிக் கட்டித் தருகிறேன்.

ஸ்டோர் அண்ணாச்சி: இனிய இரவு வணக்கம் 🌹🌹 நாளை கடை விடுமுறை

திருவாரூர் சித்தி: எங்கள் ஊர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம், வரைந்த சிங்காதனம் என்பவரின் பெயர் உட்பட. அதை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துச் சீர் செய்தார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்துதான் வலிக்கும்.

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பெருமாள் கோயில் மண்டபத்தில் வைத்தால் இரவு எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். மராட்டியர் காலத்தில் ராமேசுவரம் போகிற வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். நடந்து களைத்து வந்தவன் திண்ணையில் படுத்தபடி பார்க்கட்டும் என்று வரைந்த படம் இது.

மாமா: உணர்ச்சி எல்லாம் சரி அத்தான். அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? இது தொல்லியல் துறைப் பட்டியலில் இருக்கிறதா?

தங்கச்சி (கவின்கலை): இல்லை மாமா. 1966 மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தால்தான் சட்டத்தின் பலம் கிடைக்கும். அதற்கும் எழுதுவோம், ஆனால் நாளாகும். இப்போதைக்குக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்போம். வடிகாலை எதிர் வரிசைக்கு மாற்ற வேண்டும், சுவர் பக்கம் இயந்திரம் வரக் கூடாது, பூச்சு எங்கெங்கே கழன்றிருக்கிறது என்று வல்லுநர் ஒருவர் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் போதும். அதுவரை யாரும் துடைக்க வேண்டாம், வெள்ளையடிக்க வேண்டாம், வார்னிஷ் அடிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். நாளைக் காலை வெயில் ஏறுமுன் நான் வந்து அடிக்கு அடி போட்டோ எடுக்கிறேன். ஏணி வேண்டும்.

தம்பி (சிவில்): ஏணி கொண்டுவருகிறேன். கூரை ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாயும்.

மாமா: சரி, மனுவில் என் பெயரையே முதலில் போடுங்கள். படி விஷயத்தை மட்டும் உங்கள் அத்தையிடம் யாரும் இப்போது சொல்ல வேண்டாம். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா: 😂😂😂

அத்தை: படி போனால் போகட்டும். துளசி மாடத்தில் கை வைக்கக் கூடாது. அதையும் மனுவில் எழுதிக்கொள்ளுங்கள்.