பிக்கப் 70ஐத் தொட்டால் சீட் உதறுகிறது, பேலன்சிங் ரெண்டு தடவை செய்தும் போகவில்லை

ஒட்டன்சத்திரம் லோடு:
வணக்கம். டீசல் பிக்கப், நாலு வருட வண்டி. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றித் திருச்சிக்கு வாரம் நாலு நடை ஓடுகிறது. டயர் 215/75 ஆர் 15. மூன்று வாரமாக ஒரே உதறல். 60 வரை ஒன்றும் தெரியாது, 65ல் ஆரம்பித்து 70, 75ல் சீட்டும் தரையும் சேர்ந்து நடுங்குகிறது, 80ஐ நெருங்கும்போது கொஞ்சம் அடங்கும். காலி வண்டியில்தான் அதிகம். லோடு இருந்தால் எனக்குக் குறைவாகத் தெரிகிறது, ஆனாலும் பின்பக்கம் அடியில் இருக்கிற கிரேட்டில் தக்காளி தோல் கிழிந்துதான் இறங்குகிறது. அப்புறம் இன்னொன்று, லோடோடு முதல் கியரில் எடுக்கும்போது கீழே தடதடவென்று நாலைந்து அடி அடித்துவிட்டு நின்றுவிடும். ரெண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா என்று புரியவில்லை.

முன் டயர் ரெண்டும் புதுசு போட்டுவிட்டேன். அலைன்மென்ட் பார்த்தாயிற்று. நாலு வீலும் ரெண்டு தடவை பேலன்சிங், மெஷினில் பூஜ்யம் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது ஜாயின்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற சுழலும் தண்டு) இறக்கி அதன் மூட்டில் இருக்கிற கிராஸை மாற்றச் சொல்கிறார்கள். அதிலும் போகவில்லை என்றால் ஷாக் அப்சார்பராம். இருந்த பணம் டயருக்கே போய்விட்டது. இனி கை வைப்பது சரியான இடத்தில்தான் இருக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய பட்டறை:
தம்பி, எதையும் கழற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஆக வினாடிக்கு ஒன்பது சுற்று. ஹவுசிங் (பின் அச்சின் கியர் பெட்டி) ரேஷியோ 4க்குப் பக்கத்தில் இருந்தால், அதாவது வீல் ஒரு சுற்றுக்கு ஜாயின்ட் நாலு சுற்று என்றால், ஜாயின்ட் அதே நேரத்தில் முப்பத்தாறு சுற்று சுற்றும். அதனால் டயர் உதறல் என்றால் உடம்பையே குலுக்குகிற மாதிரி பெரிய ஆட்டமாக இருக்கும், ஜாயின்ட் உதறல் என்றால் காலடியில் 'ஜிர்ர்' என்று பொடியாக, கூடவே ஒரு சத்தமாக வரும். உங்களுக்கு எது?

ஸ்டியரிங் ஆடாமல் சீட் மட்டும் ஆடுகிறது என்றால் முதலில் பின் வீலைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் முன் டயரை மாற்றியிருக்கிறீர்கள்! அது தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், ஆனால் இந்த உதறலுக்கு அது மருந்து இல்லை. நேரான காலி ரோட்டில் 72 போய் கிளட்சை மிதித்து ஆர்பிஎம்மை இறக்கிப் பாருங்கள் (இன்ஜினை ஆஃப் பண்ணக் கூடாது, பிரேக் கட்டையாகிவிடும்). அப்போதும் அப்படியே உதறினால் இன்ஜினை விட்டுவிடலாம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி என்றால் ஜாயின்ட் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு கேள்வி, தக்காளி அடிபடுகிற அந்தக் கிரேட் எந்தப் பக்கம்?

நாமக்கல் டயர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மெஷினில் பூஜ்யம் வந்தால் எடை சமமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். டயர் உருண்டையாக இருக்கிறதா என்பதை அந்த பூஜ்யம் சொல்லாது. ஒரு இடத்தில் வீங்கியிருக்கிற டயரையும் எதிர்ப்பக்கம் ஈயக் கட்டி அடித்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், மெஷினில் அது காற்றில்தானே சுற்றுகிறது. ரோட்டில் இறங்கி வண்டி எடையைச் சுமந்ததும் அந்த வீக்கம் சுற்றுக்கு ஒரு தடவை தரையில் இடிக்கும். ரெண்டு தடவையும் எவ்வளவு கட்டி அடித்தார்கள் என்று ரிம்மில் பாருங்கள், பின்னால் ஒரு வீலில் மட்டும் அளவுக்கு மீறி இருந்தால் அந்த டயரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

செலவில்லாத சோதனை: பின் டயரில் ஒரு பக்கத்தை முன்னால் மாற்றி ஓட்டுங்கள். உதறல் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்தால் அந்த வீல்தான், வேறு பேச்சே இல்லை. வரவில்லை என்றால் மறுபக்கம். கழற்றும்போதே ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், வயலுக்குள் இறங்குகிற வண்டியில் கைப்பிடி மண் இருந்தாலே போதும், பேலன்ஸ் போய்விடும். திரும்ப மாட்டும்போது நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

கேரளா பர்மிட்:
எனக்கு இதே மாதிரி வந்தபோது பின் வீல் பேரிங். ஆனால் அதில் 'ஊம்' என்று ஊளைச் சத்தம் இருந்தது, வளைவில் கூடிக் குறையும். சத்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது இருக்காது.

ஒட்டன்சத்திரம் லோடு:
எல்லோருக்கும் நன்றி. பெரிய ஆட்டம்தான், ஜிர் சத்தம் இல்லை. ஊளையும் இல்லை. கிளட்ச் மிதித்தாலும் அப்படியே உதறியது. அண்ணன் கேட்ட பிறகுதான் கிரேட்டை யோசித்தேன், எப்போதும் இடது பின்பக்கம்தான்.

இன்று காலையில் இடது பின் வீலை முன்னால் இடதுபக்கம் போட்டு திண்டுக்கல் ரோட்டில் ஓட்டினேன். 68ல் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை, 72ல் பிடிக்கவே முடியவில்லை. மெதுவாகத் திரும்பி வந்துவிட்டேன். ஜாக்கி ஏற்றி, மற்ற வீல்களுக்குக் கல் வைத்து, ஒரு செங்கல் மேல் ஸ்க்ரூடிரைவரை டயருக்கு ஒரு நூல் இடைவெளியில் வைத்துக் கையால் சுற்றினேன். முக்கால் சுற்று உரசாமல் வந்தது, ஒரு இடத்தில் மட்டும் பட்டன் (டயரில் தரையில் படுகிற ரப்பர் கட்டை) மேலேறி ஸ்க்ரூடிரைவரைத் தட்டித் தள்ளிவிட்டது. நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினால் ஒரு சாண் அகலத்துக்கு மேடாகத் தட்டுப்படுகிறது, அந்த இடத்தில் பட்டனும் மற்ற இடத்தைவிடத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ரிம்மில் வரிசையாக ஈயக் கட்டி. ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, நல்ல முன் டயரை அதன் இடத்துக்கே கொண்டுவந்து ஓட்டினேன். 80 வரை தண்ணீர் மாதிரி போகிறது.

இந்த டயரை மெதுவாக லோக்கல் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? பட்டன் இன்னும் பாதி இருக்கிறது.

நாமக்கல் டயர்:
கூடவே கூடாது. அது உள்ளே இருக்கிற கம்பிப் பட்டை விட்டுப்போன டயர். மேலே பட்டன் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, லோடும் வெயிலும் சேர்ந்தால் மேல்தோல் மொத்தமாக உரிந்து போகும், அப்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டெப்னியாகக் கூட வைக்காதீர்கள். ரீட்ரெட்டுக்கும் ஆகாது. இப்போது மாட்டியிருக்கிற ஸ்டெப்னியின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. அதைப் பார்த்துச் சொல்லுங்கள். வண்டிக்கடியில் தொங்கியே வருடக்கணக்கான டயர் என்றால் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கும், லோடு ஏற்றும் முன் காற்றையும் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்டிருக்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டறை:
நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. அந்த தடதட தனிக் கோளாறு, இதோடு சேர்க்காதீர்கள். லோடு ஏறியதும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கி ஜாயின்ட் கோணம் மாறும், முதல் கியரில் இழுக்கும்போது ஹவுசிங் மூக்கும் தூக்கும். ரெண்டு துண்டு ஜாயின்ட் என்றால் நடுவில் அதைத் தாங்குகிற சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் போய் (கல் வைத்து, இன்ஜின் ஆஃப்) அந்த இடத்தில் ஜாயின்ட்டைக் கையால் மேலே தூக்குங்கள், ரப்பர் கிழிந்திருந்தால் தொளதொளவென்று ஆடும். கூடவே பட்டையின் யு போல்ட் நட்டு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ரப்பர் நன்றாக இருந்தால்தான் கிராஸ் பக்கம் போக வேண்டும்.

ஒட்டன்சத்திரம் லோடு:
ஸ்டெப்னியில் 1121 இருக்கிறது அண்ணா, வெடிப்பு இல்லை. சென்டர் பேரிங்கைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு விரல் அளவுக்கு மேலே கீழே ஆடுகிறது, ரப்பர் அடிப்பக்கம் கிழிந்து தொங்குகிறது. ஞாயிறு சந்தை லோடு இறக்கியதும் மாற்றிவிடுகிறேன். கிராஸில் ஆட்டம் இல்லை.