கடைசி நிமிட டிரா தோல்வியைவிட ஏன் அதிகமாக வலிக்கிறது? அன்று ராத்திரி என்ன செய்வது?

வடக்கு_ஸ்டாண்டு கேட்கிறார்:

0-3 என்று தோற்றால் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடலாம். கையில் இருந்த மேட்ச் கடைசி மூச்சில் டிரா ஆகும்போதுதான் தூக்கம் போகிறது.

உதாரணத்துக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் 2024 செப்டம்பர் 22, சிட்டியின் எதிஹாட் மைதானம், மான்செஸ்டர் சிட்டி - ஆர்சனல் 2-2. 9வது நிமிடத்தில் சிட்டியின் ஹாலண்ட், 22ல் ஆர்சனலின் கலஃபியோரி, இடைவேளைக்குச் சற்று முன் கேப்ரியல் தலையால் முட்டி ஆர்சனலுக்கு 2-1. அதன் பிறகு ஆர்சனலின் ட்ரோசார்டுக்கு ரெட் கார்டு. இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேராக நின்று காத்தார்கள். 90+8ல், அதாவது 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தின் 8வது நிமிடத்தில், சிட்டியின் ஸ்டோன்ஸ் உள்ளே தள்ளிவிட்டார். அந்த சீசன் முடிந்த பிறகும் அந்த ஒரு கோல் மனசை அரிக்கிறது என்று சொல்லும் ஆர்சனல் ரசிகர்கள் நிறையப் பேர்.

விஷயம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்வி. இப்படிப்பட்ட டிராவில் நிஜமாகவே எவ்வளவு போகிறது? ஏன் கடைசியில்தான் கோல் விழுகிறது? மேட்ச் முடிந்த அந்த ராத்திரியை எப்படிக் கடப்பது? "அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்" என்ற ஆறுதல் வேண்டாம், உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள்.

---

புள்ளிப்பட்டியல்:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். மனசு போடும் கணக்கு வேறு, லீக் போடும் கணக்கு வேறு.

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. இங்கிலாந்தில் 1981லிருந்து இதுதான். முன்னிலையில் இருந்து டிரா ஆனால் போவது 2 புள்ளி. அந்த 2 புள்ளி பட்டத்தைத் தின்றதா இல்லையா என்பது சீசன் முடியும் மே மாதம்தான் தெரியும். மூன்று டிராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2014 மே 5, செல்ஹர்ஸ்ட் பார்க். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக லிவர்பூல் 55வது நிமிடத்தில் 3-0. 79ல் டெலேனி, 81லும் 88லும் கெய்ல், 3-3. லிவர்பூல் வீரர் சுவாரஸ் ஜெர்சியால் முகத்தை மூடி அழுதுகொண்டே வெளியேறினார். அந்த ராத்திரிதான் பட்டம் போனது என்று இன்றைக்கும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சீசன் முடிவில் சிட்டி 86, லிவர்பூல் 84. அன்று ஜெயித்திருந்தால் 86-86. புள்ளி சமமானால் பார்ப்பது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கியதைக் கழித்தது; அதில் சிட்டி +65, லிவர்பூல் +51. வாங்கிய மூன்று கோலையும் கழித்துவிட்டு 3-0 என்றே வைத்துக்கொண்டாலும் +54தான். மற்ற மேட்சுகள் நடந்தபடியே நடந்திருந்தால் கோப்பை அப்போதும் சிட்டிக்கே. பட்டம் கைநழுவியது எட்டு நாள் முன்னால், ஏப்ரல் 27 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் செல்சியிடம் 0-2 என்று தோற்றபோது. அங்கே ஜெயித்திருந்தால் 87.

2012 ஏப்ரல் 22, ஓல்ட் டிராஃபோர்டு. எவர்ட்டனுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைட்டட் 4-2. 83ல் யெலாவிச், 85ல் பீனார், 4-4. அன்று மாலையிலும் யுனைட்டட்தான் சிட்டியைவிட 3 புள்ளி மேலே. ஆகவே யாரும் மைதானத்தில் அழவில்லை. முடிவில் இரண்டு அணியும் 89. கோல் வித்தியாசம் சிட்டிக்கு +64, யுனைட்டடுக்கு +56. அந்த 2 புள்ளி இருந்திருந்தால் 91. கடைசி நாளில் சிட்டிக்குப் பட்டம் வாங்கித் தந்த அகுவேரோவின் கோல் வெறும் கோலாகப் போயிருக்கும். நிஜமாகவே பட்டத்தைத் தின்ற டிரா இதுதான்.

இப்போது உங்கள் எதிஹாட் மேட்ச். 2024-25 முடிவில் லிவர்பூல் 84, ஆர்சனல் 74, சிட்டி 71. ஸ்டோன்ஸ் கோல் இல்லாவிட்டால் ஆர்சனல் 76. பள்ளம் அப்போதும் 8. அந்த சீசனில் ஆர்சனல் தோற்றது 4 மேட்ச்தான், டிரா செய்தது 14. வருத்தப்பட வேண்டியது அந்தப் பதினான்கைப் பற்றி. அதிலும் எதிஹாட்டில் பத்துப் பேரோடு எடுத்த ஒரு புள்ளி கடைசி இடத்தில்தான் வரும்.

அன்றைக்கே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள். ஜெயித்திருந்தால் ஆர்சனல் 13, சிட்டி 12. தோற்றிருந்தால் 10, 15. டிரா ஆனதால் 11, 13. கீழே, மிச்சம் 33 மேட்ச், 99 புள்ளி. எழுதிப் பார்த்தால் வலி போய்விடாது, அதன் அளவு தெரியும்.

---

சென்டர்பேக்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோல் விழுந்தது 90+8ல். அதற்கான வழி திறந்தது முதல் பாதியின் 45+8ல்.

ட்ரோசார்டு பெர்னார்டோ சில்வா மேல் ஃபவுல் செய்துவிட்டு, விசில் ஊதிய பிறகு பந்தை எட்டி உதைத்தார். இரண்டாவது மஞ்சள் அட்டை, ஆகவே ரெட் கார்டு. ஆட்டம் மீண்டும் தொடங்குவதைத் தாமதப்படுத்தினால் அட்டை என்பது 12வது விதி. மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 31 அன்று பிரைட்டனுக்கு எதிராக ஆர்சனலின் டெக்லான் ரைஸும் பந்தைத் தட்டிவிட்டதற்குத்தான் இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியே போனார், அந்த மேட்சும் 1-1 டிரா. ரெஃப்ரி மேல் கோபப்பட்டுத் தீராது. அட்டை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தடவை எச்சரிக்கை கிடைத்த பிறகு அணி திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

பத்துப் பேர் ஆனதும் இடைவேளையில் சாக்காவை எடுத்துவிட்டு பென் ஒயிட்டை இறக்கினார் ஆர்சனல் பயிற்சியாளர் அர்டேட்டா. கீப்பர் போக ஒன்பது பேர், பின்னால் ஐந்து, முன்னால் நான்கு. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸின் அகலம் 40.3 மீட்டர். ஐந்து பேர் வரிசையாக நின்றால் ஆளுக்கு 8 மீட்டர், அதைக் காக்கலாம். மைதானத்தின் அகலம் 68 மீட்டர், அதைக் காக்க முடியாது. ஆகவே ஓரங்களை விட்டுக்கொடுத்து, நடுவை அடைத்து, எதிரணியை வெளியிலிருந்து அடிக்க வைப்பார்கள். சிட்டி அன்று அடித்த 33 ஷாட்டில் 28 இரண்டாம் பாதியில். கீப்பர் ராயா பிடித்தார், மற்றவர்கள் உடம்பைக் கொடுத்துத் தடுத்தார்கள். திட்டம் தப்பான திட்டம் இல்லை.

அதற்கு ஒரு விலை உண்டு. மேலே பந்தைப் பிடித்து வைக்க ஆள் கிடையாது. எவ்வளவு தூரம் தூக்கி அடித்தாலும் பத்துப் பதினைந்து வினாடியில் பந்து திரும்பி வந்துவிடும். மூச்சு வாங்க நேரமில்லை, வரிசையைப் பத்து மீட்டர் முன்னே நகர்த்த நேரமில்லை. கால் ஓய்வது 80வது நிமிடத்தில், தலை ஓய்வது 90க்கு மேல்.

கடைசி கோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சிட்டி கார்னரை நேராகத் தூக்காமல் குட்டையாக ஆடினார்கள், கிரீலிஷ் பக்கம். அந்த ஒரு பாஸுக்கே காப்பவர்கள் பாக்ஸிலிருந்து வெளியே ஓட வேண்டும், அவர்கள் விட்ட இடம் காலி. பந்து பாக்ஸின் விளிம்பில் கோவாசிச்சிடம் வந்தபோது மறிக்கப் போனவர்கள் முதல் ஷாட்டைத்தான் மறித்தார்கள். அது ஆள் மேல் பட்டு விழுந்த இடத்தில் ஸ்டோன்ஸ் நின்றார். கார்னரில் முதல் பந்தைவிட இரண்டாவது பந்துதான் ஆளைக் கொல்லும். முதல் பந்துக்கு எல்லாருக்கும் ஒரு வேலை சொல்லிக் கொடுத்திருக்கும். தெறித்து வரும் பந்துக்கு அந்த நொடியில் யார் விழித்திருக்கிறாரோ அவர்தான்.

இன்னொரு குழப்பம், "சொன்ன நேரம் முடிஞ்சும் ஆட விட்டாங்க" என்பது. நான்காவது நடுவர் தூக்கிக் காட்டும் பலகையில் இருப்பது குறைந்தபட்ச நேரம். 7வது விதிப்படி ரெஃப்ரி அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. இஞ்சுரி டைமிலேயே ஒருவர் விழுந்து கிடந்தால் அந்த நேரமும் சேரும். பலகையின் எண்ணை முடிவு நேரமாக நம்பி எழுந்து நிற்பவர்களுக்குத்தான் அடி பலமாக விழும்.

75வது நிமிடத்திலிருந்து இரண்டே இரண்டு விஷயம் கவனியுங்கள். நாம் தூக்கி அடிக்கும் பந்து அடுத்தடுத்து மூன்று தடவை நடுக்கோட்டைத் தாண்டவில்லையா? கீப்பரின் நீண்ட உதை பத்து வினாடிக்குள் திரும்பி வருகிறதா? இரண்டுக்கும் ஆமென்றால் கோலுக்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். தடுத்துவிட்டால் சந்தோஷம்.

---

ராத்திரி_மேட்ச்:

மூன்றாவது கேள்வி. நம்மூரில் இது பாதி தூக்கப் பிரச்சினை. எதிஹாட் மேட்ச் நமக்கு ராத்திரி 9 மணிக்குத் தொடங்கி 11க்கு மேல் முடிந்தது, அதுவே நல்ல நேரம். அங்கே இரவு 8 மணி மேட்ச் என்றால் நமக்கு 12:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 1:30. முடியும்போது மூன்றரை. அந்த நேரத்தில் விழும் சமன் கோல் பகலில் விழுவதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இடைவேளையில் டீ, காபி வேண்டாம். காபியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மோர் அல்லது தண்ணீர் போதும்.

இறுதி விசில் ஊதியதும் ஒளிபரப்பை நிறுத்துங்கள். அந்தக் கோலை ஆறு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். படுக்கப் போகும் முன் ஆறு தடவை பார்த்தது கண்ணை மூடினால் ஏழாவது தடவை ஓடும். வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்யும்போது 8 மணி நேரம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, சரியாகக் காலை வரைக்கும் வரும். குழுவை விட்டு வெளியேற வேண்டாம். கோபத்தில் வெளியேறியவரைத் திரும்பச் சேர்ப்பதே அடுத்த வாரச் சண்டை ஆகிவிடும். பிறகு கால் மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடை, வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், படுக்கை.

ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களைத் தேர்ந்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி சேர்க்கும் ஆன்லைன் விளையாட்டு) ஆடுபவர்கள் அன்று ராத்திரி ஆளை மாற்றக் கூடாது. இலவச மாற்றத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி வெட்டு. கடைசி நிமிட கோலில் கிளீன் ஷீட் (கோலே வாங்காத ஆட்டம்) போன டிஃபென்டரைக் கோபத்தில் தூக்கினால் கிளீன் ஷீட்டுக்குக் கிடைக்கும் அதே 4 புள்ளியை நாமே இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்ததாக ஆகும். ஆளை மாற்றும் கெடு நெருங்கும் வரைக்கும் பொறுங்கள்.

சேர்ந்து பார்க்கும் இடங்களை நடத்துபவர்களுக்கு: விசில் ஊதியதும் விளக்கைப் போட்டுவிடுங்கள், திரையை அணையுங்கள். கதவைத் திறந்து உடனே அனுப்பாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிஷப் பேச்சு, அப்புறம் கிளம்பட்டும். நள்ளிரவில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகும் பையன்கள் அந்த முதல் பத்து நிமிஷத்தில்தான் கோபத்தை ஆக்ஸிலேட்டரில் காட்டுவார்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

மறுநாள் சாயங்காலம், சத்தத்தை அணைத்துவிட்டு, 60வது நிமிடத்திலிருந்து மட்டும் பாருங்கள். வர்ணனை காதில் விழாவிட்டால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

---

வடக்கு_ஸ்டாண்டு:

மூன்று பேருக்கும் நன்றி. 86-86, +54 கணக்கை எதிர்பார்க்கவே இல்லை. இன்னும் ஒன்று. கூட உட்கார்ந்து பார்க்கும் எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட கோலுக்குத் தேம்பி அழுகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

---

சென்டர்பேக்:

"வெறும் வெளாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மணி நேரமாக நாமும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியிருக்கிறோம், அந்த வார்த்தையை நம்ப மாட்டார்கள். சுவாரஸே அழுதார் என்று சொல்லுங்கள். அழுது முடிக்கட்டும்.

காலையில் தரையில் சாக்பீஸால் பாக்ஸ் போட்டு, புளியங்கொட்டையை எடுத்து வையுங்கள். ஒரு அணிக்குத் தோல் உரித்தது 11, இன்னொன்றுக்கு உரிக்காதது 10. அந்த 10ல் ஒன்று கீப்பர். மிச்சம் ஒன்பதை வைத்துப் பாக்ஸையும் இரண்டு ஓரங்களையும் அடைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வைக்க வைக்க ஒரு பக்கம் காலி விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு கொட்டையைக் கார்னர் பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டு, நடுவில் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் அழுகை நின்று, "இவன இங்க வெச்சிருக்கணும்" என்று அவர்களே ஒரு கொட்டையைப் பின்னால் தள்ளுவார்கள்.