புதுப்பிப்பு: பிராட்டில் ஊ உயிரின் ஃபார்மன்ட் தப்பாக வந்தது சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: மொழியியல் முதலாண்டு, ஒலியியல் அசைன்மென்ட், ஆண் குரலில் பதிவு செய்த உ, ஊ இரண்டுக்கும் ஒலியை ஆராயும் பிராட் மென்பொருள் எஃப்2-வை (இரண்டாவது ஃபார்மன்ட்; ஃபார்மன்ட் என்றால் வாய், தொண்டையின் வடிவத்தால் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்) 2300 ஹெர்ட்ஸ் பக்கம், மிக அதிகமாகக் காட்டுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது, உச்ச ஃபார்மன்ட் அளவை (எந்த அதிர்வெண் வரை ஃபார்மன்ட்டைத் தேட வேண்டும் என்ற அமைப்பு) 5500 ஹெர்ட்ஸிலிருந்து 5000-க்கு இறக்கச் சொன்ன யோசனைதான். 5500 என்பது சராசரிப் பெண் குரலுக்கு ஏற்ற அளவு. ஆண் குரலுக்கும் அதையே விட்டுவைத்தால், கீழே நெருக்கமாக இருக்கும் எஃப்1, எஃப்2 இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு மூன்றாவதை இரண்டாவது என்று கொடுத்துவிடுகிறது. மாற்றியதும் ஃபார்மன்ட்டைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் ஸ்பெக்ட்ரோகிராமின் (அதிர்வெண்கள் நேரப்படி மாறுவதைக் காட்டும் படம்) கரும்பட்டைகள் மேலேயே போய் உட்கார்ந்தன, ஊ-வின் எஃப்2-வும் 800-ஐ ஒட்டி வந்தது. பதிவின் மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதியப்படுகிறது என்பது) முன்கூட்டியே குறைக்கத் தேவையில்லை, அதை பிராட் தானே செய்துகொள்கிறது.

எதிர்பாராதது ஒன்று: திரையில் மாற்றிய பிறகும், அளவுகளைத் தானாக எடுக்க வைத்திருந்த ஸ்கிரிப்ட் (பிராட் கட்டளைகளின் தொகுப்பு) பழைய எண்களையே கொடுத்தது. எடிட்டர் ஜன்னலின் அமைப்பு ஸ்கிரிப்டைத் தொடாது; ஃபார்மன்ட் கணக்கிடும் கட்டளை வரியில் 5500 தனியாக எழுதப்பட்டிருந்தது, அங்கேயும் மாற்ற வேண்டியிருந்தது. உண்மையில் நேரத்தைத் தின்றது இதுதான். அப்புறம், குழந்தைக் குரலை அளப்பவர்கள் 8000 வரை ஏற்ற வேண்டும், பிராட் கையேட்டிலேயே இருக்கிறது.